ஒரு விரற்கடை குறைந்த மீன்காரி

கூர்ணி, கிருஷ்ணநகர்
9 ஆகஸ்ட் 1986

தீதிக்கு,

துர்க்கை பெயரை மேலே எழுதாமலே தொடங்குகிறேன். கோபத்தில் எழுதும் கடிதத்தில் அவளை எதற்கு இழுப்பது?

நேற்று கல்கத்தாவிலிருந்து பொம்மை வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தால் நம் மீன்காரி. அரிவாள்மனையை வலது காலால் மிதித்து, ரோகு மீனின் தலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாய்த்துச் சிரிப்பாளே, அவளேதான். "என்ன நிதாய்பாபு, குமார்துலியில உங்க அக்கா உக்காந்து உங்க சரக்கையே விக்கிறாங்க? கிளை தொறந்துட்டீங்களா?" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். கட்டின மனைவி மினதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. கல்யாணமாகிப் போகும் பெண் புகுந்த வீட்டின் கை. பிறந்த வீட்டு அச்சு எதுவும் அவளோடு போகாது. நீ போன அன்று வாசலில் கையைக் கழுவி, விரலிடுக்கு மண்ணைக்கூட இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். தண்ணீர் ஊற்றியவன் நான்.

அப்பாவின் காரியத்துக்கு வந்தபோது அச்சு வைத்திருக்கும் பரணில் ஏறினாயா? அல்லது என் பொம்மை ஒன்றை வாங்கி அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்தாயா? இரண்டில் எது என்று மட்டும் சொல்.

பொம்மைக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டேன். குளிர்காலக் கண்காட்சியில் உன் பெயருக்கு ஒதுக்கிய கடையை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அடுத்தவர் பொம்மையை நகல் எடுப்பவர்களுக்குக் கடை கிடையாது என்பது விதி. மூன்று வருஷத்துக்கு முன் அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். சொந்த அக்கா என்பதற்காக அதை வளைக்க முடியாது. இனி மீன்காரியைத் தொடமாட்டேன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் இத்தோடு முடித்துவிடலாம்.

இங்கே மழை விட்டபாடில்லை. எதுவும் காயவில்லை.

நிதாய்


குமார்துலி, கல்கத்தா
17 ஆகஸ்ட் 1986

துர்க்கை துணை.

தம்பி நிதாய்க்கு,

நான் அவள் பெயரை எழுதிவிட்டேன். கோபத்தில்தான் அவள் துணை எனக்கு அதிகம் வேண்டியிருக்கிறது.

நான் எந்தப் பரணிலும் ஏறவில்லை. அப்பாவின் காரியத்தன்று விடிந்ததிலிருந்து உன் வீட்டு அடுப்படியில் நின்று பந்திக்கு லூச்சி பொரித்துக்கொண்டிருந்தேன். பரணில் ஏறியிருந்தால் உனக்கு லூச்சி கிடைத்திருக்காது.

அந்த மீன்காரியைச் செய்தது யார், நிதாய்? கோயாடி சந்தையில் பாமா மீன் வெட்டும் பலகைக்கு எதிரே பதினோரு நாள் உட்கார்ந்தது யார்? "என்னடி பொண்ணே, மூஞ்சியையே பாக்குற, மீன் வாங்க மாட்டியா?" என்று அவள் கேட்டுச் சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு பல் இல்லாததைப் பார்த்து, அந்தச் சந்துதான் இந்தச் சிரிப்பின் உயிர் என்று கண்டுகொண்டது யார்? எனக்கு வயது பதினேழு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. என் பேர்ல போனா நல்லா விக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு ஆட்டிய தலைக்கு இன்றைக்குத் திருட்டுப் பட்டம்.

போன மாசி மாதம் அவளைப் புதிதாகச் செய்தேன். அச்சும் இல்லை, பார்த்துச் செய்ய ஒரு பொம்மையும் இல்லை. கண்ணை மூடி பாமாவை நினைத்துக்கொண்டு மூன்று வாரம். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் துர்க்கைக்கு விரல்கள் செய்கிறேன். அதற்கெல்லாம் என் பெயர் வேண்டாம், சாமிக்கு யார் பெயரும் வேண்டாம். ஆனால் மீன்காரி நான் பெற்றது. என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே அவளை வைத்து ஒருநாளாவது உட்கார வேண்டும் என்று கேட்டேன். இந்தத் தெருவில் ஒரு பெண்ணின் பெயருக்குக் கடை கிடைப்பது இதுதான் முதல்முறை. அதை நிறுத்தியவன் என் தம்பி.

வாயால் பேசி என்ன? சாமி அலங்காரச் சாமான் வாங்க உங்கள் ஊருக்கு வருகிற ஆளிடம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். வைக்கோலில் பத்திரமாகக் கட்டியிருக்கிறேன். உன் மீன்காரிக்குப் பக்கத்தில் வைத்து அடிக்கோலால் அள. சுட்ட பொம்மையின்மேல் அச்செடுத்து அதில் மண்ணை அமுக்கினால், காய்ந்து சுட்டு வரும்போது ஒரு விரற்கடை குறைந்துதான் நிற்கும். நகல் ஒருபோதும் மூலத்தைவிட உயரமாக இருக்காது. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு வரி கேட்டாய். எழுதித் தருகிறேன்: நான் எடுக்கவில்லை. நான் செய்தேன். இன்னும் செய்வேன். மினதிக்கு ஆசிகள்.

தரங்கிணி


கூர்ணி
2 செப்டம்பர் 1986

தீதிக்கு,

பொம்மை வந்து சேர்ந்தது. வழியில் இடது கைச் சுண்டுவிரல் உடைந்திருக்கிறது. வைக்கோல் போதாது.

நான் அளக்கவில்லை. அளந்து என்ன தெரியப்போகிறது? பெரிதாகச் செய்ய நினைத்தவர் பெரிதாகச் செய்யலாம். பழைய அச்சு பரணில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. அதுதான் மூலம். ஊருக்கே தெரியும்.

நான் தொடாதே என்று சொல்லியும் மினதி இரண்டையும் ஜன்னல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். "உங்க அக்கா பொம்மைக்குப் பல்லுல சந்து இருக்கு. நம்மளதுக்கு நான்தானே வெள்ளையடிச்சுப் பல்லு வரையுறேன்" என்றாள். சோற்றுத் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். நீ அனுப்பியது பொம்மையா, வீட்டில் கலகம் மூட்டும் மருந்தா?

விஸ்வகர்மா பூஜை முடிந்த ஞாயிறு, 21ஆம் தேதி, சங்கக் கூட்டம். நீ வர வேண்டியதில்லை. குமார்துலியில் இது தலைக்குமேல் வேலை இருக்கும் மாதம் என்பது எல்லோருக்கும் தெரியும். நீ வராததை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கடிதம் ஒன்று கொடுத்தால் போதும்.

உன் வீட்டுக்காரருக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

நிதாய்


குமார்துலி
8 செப்டம்பர் 1986

துர்க்கை துணை.

நிதாய்க்கு,

கால்வலி அப்படியேதான். உட்கார்ந்தபடி சிங்கம் செய்கிறார். இந்த வருஷம் எல்லாச் சிங்கத்துக்கும் முழங்கால் வலிப்பதுபோல முகம்.

நீ அளந்துவிட்டாய். அளக்காதவன் "அளந்து என்ன தெரியப்போகிறது" என்று எழுதமாட்டான். எட்டரை அங்குலம் என்னுடையது. உன்னுடையது ஏழு சொச்சம் இருக்குமா? பதினேழு வயதில் நான் எடுத்த அச்சில் வந்த மீன்காரி சரியாக எட்டு. அப்பாவின் அடிக்கோலால் அளந்தது, மறக்கவில்லை. அப்படியானால் உன் பரணில் துணி சுற்றி இருப்பது எது?

இதைச் சொல்லாமலே இருந்துவிட நினைத்தேன். நாலு வருஷத்துக்கு முன் கல்லூரித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நம் மீன்காரியைப் பார்த்தேன். நம்முடையவள் என்று ஆசையாகக் கையில் எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. வாய் மழுங்கி, சந்து மூடி, பல்வலிக்காரிபோல இருந்தாள். கண்ணோர மடிப்பு இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சின்னதாகியிருந்தாள். அப்போதே புரிந்தது, உன்னிடம் என் அச்சு இல்லை, பொம்மையிலிருந்து எடுத்த அச்சு இருக்கிறது என்று. கடைக்காரரிடம் "தெரியாம எடுத்துட்டேன்" என்று சொல்லி அதை வைத்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது. உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் உனக்குத் தலைகுனிவு என்றுதான்.

அவளை மறுபடி சிரிக்கவைக்கத்தான் புதிதாகச் செய்தேன். அதற்குத்தான் நீ புகார் கொடுத்தாய். பரணில் திருட எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டே பரணில் ஏறினாயா என்று கேட்டாய். அந்த ஒரு வரிக்காக உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும்.

21ஆம் தேதி வருகிறேன். "மகாளயத்துக்குப் பன்னெண்டு நாள் இருக்கையில யாராவது ஊருக்குப் போவாங்களா? பத்துக் கையில ஏழுக்குத்தானே வெரல் வந்திருக்கு" என்று இவர் கத்தினார். "மீதி மூணு கைக்கு நீங்களே வெரல் செய்யுங்க" என்றேன். "எனக்கு நகம் மட்டுந்தான் வரும், அதுவும் சிங்க நகம்" என்றார். துர்க்கை மூன்று கையில் சிங்க நகத்தோடு நின்றாலும் நான் வருவேன்.

அதற்குமுன் நீயே எனக்குச் சொல்லிவிடு. என் அச்சு என்ன ஆயிற்று?

தரங்கிணி


கூர்ணி
13 செப்டம்பர் 1986

தீதி,

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். மினதிக்கும் தெரியாது.

எழுபத்தெட்டு வெள்ளம். ஜலங்கி ஆறு தெருவுக்குள் வந்து, மதியத்துக்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. மண்சுவர் ஊறிக்கொண்டிருந்தது. அப்பா படுக்கையிலிருந்தே "அச்சு, அச்சு" என்று கத்தினார். பரணிலிருந்து இறக்கிப் பக்கத்து மாடிவீட்டுக்குத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆறு நடை. முதலில் அப்பாவின் கிருஷ்ணன், பிறகு பாவுல் பாடகன், நெசவாளி, சந்தால் தம்பதி. அப்பா பெயர் சொல்லச் சொல்ல எடுத்தேன். உன்னுடையதைக் கடைசி நடைக்கு வைத்தேன். ஏன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. இருக்கிறது. போய்விட்ட பெண்ணுடையது, கடைசியில் போனால் போகட்டும் என்றுதான் வைத்தேன். ஏழாவது நடைக்குத் திரும்பியபோது சுவர் பரண்மேல் சாய்ந்திருந்தது. மீன்காரியின் முன்பக்க அச்சு தூளாகிவிட்டது. பின்பக்கம் மட்டும் கிடைத்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் மீன்காரியைத்தான் கேட்டார்கள். அதிகம் போவது அவள்தானே. டாக்டர் வீட்டு அலமாரியிலிருந்த பொம்மையை, வண்ணம் தொட்டுத் தருகிறேன் என்று பொய் சொல்லி வாங்கிவந்து அதன்மேல் அச்செடுத்தேன். அப்பாவின் பரம்பரை அச்சு என்று சொல்லியே விற்றேன். பிறகு ஊர் முழுக்க நகல் பெருகியதும், யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாதென்று நானே முன்னால் நின்று அந்த விதியைக் கொண்டுவந்தேன்.

தீதி, கூட்டத்துக்கு வராதே. காலில் விழுந்து கேட்கிறேன். இது தெரிந்தால் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. புகாரை வாபஸ் வாங்கிவிடுகிறேன். அக்கா தம்பி விஷயம், பேசித் தீர்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிடுகிறேன். உன் கடை உனக்குக் கிடைக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம்.

உன் தம்பி


குமார்துலி
18 செப்டம்பர் 1986
(கை வழியாக)

துர்க்கை துணை.

நிதாய்,

கடைசி நடை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மூன்று முறை படித்தேன். வலிக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் அழ இப்போது நேரமில்லை, அடுத்த துர்க்கைக்கு இன்னும் இருபத்துமூன்று விரல் பாக்கி. பூஜை முடிந்ததும் உட்கார்ந்து அழுதுகொள்கிறேன்.

நீ சொல்லும் சமாதானம் வேண்டாம். நீ வாபஸ் வாங்கினால் தெரு என்ன சொல்லும்? "அக்கா திருடிட்டா, தம்பி பெரிய மனசு பண்ணி விட்டுட்டான்." கடை கிடைக்கும், திருட்டுப் பட்டமும் கூடவே வரும். மன்னித்துவிடப்பட்ட திருடியாக என் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்காரமாட்டேன். கடையே கிடைக்காவிட்டாலும் சரி.

வருகிறேன். ஆனால் ஒன்று. வெள்ளத்தைப் பற்றியோ டாக்டர் வீட்டைப் பற்றியோ என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பொம்மையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். அடிக்கோலும் கொண்டுவரமாட்டேன், அது உன்னிடமே இருக்கிறது. எழுந்து நிற்பதா வேண்டாமா என்பது உன் பாடு. நீ எழுந்திருக்காவிட்டால் பேசாமல் திரும்பி ரயிலேறிவிடுவேன். மறுபடி வரமாட்டேன்.

காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும்.

தரங்கிணி


கூர்ணி
16 அக்டோபர் 1986

துர்க்கை துணை.

தீதியின் பாதங்களில் என்னுடைய, மினதியுடைய விஜயா வணக்கம். உன் வீட்டுக்காரருக்கும் சொல். அம்மனைக் கரைத்தாகிவிட்டது. அவளைக் கரைத்த பிறகும் மனஸ்தாபம் வைத்திருக்கக் கூடாது என்பார்கள். நீ வைத்திருந்தால் அதுவும் நியாயம்தான்.

நீ ரயிலேறிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று கூட்டத்தில் எழுந்து வெள்ளத்தையும் டாக்டர் வீட்டையும் நானே சொல்லி உட்கார்ந்தேனே. மூன்றாம் நாள் தெரு எனக்குப் பெயர் வைத்துவிட்டது. விரற்கடை நிதாய். சந்தையில் மீன்காரன்கூட, "பாபு, உங்களுக்கு ஒரு வெரக்கடை கொறச்சு வெட்டட்டுமா?" என்று கேட்கிறான். சிரித்துவிட்டேன். சிரித்ததும் அவனுக்கு ருசி போய்விட்டது, இப்போது கேட்பதில்லை.

என் விதிப்படியே ஒரு வருஷத்துக்கு எனக்குக் கண்காட்சியில் இடமில்லை. கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.

மினதிதான் கஷ்டம். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? எட்டு வருஷமா அந்தச் சந்தை அடைச்சு அடைச்சுப் பல்லு வரைஞ்சவ நான்தானே! என் கையாலயே அவ வாயை மூட வெச்சுட்டீங்களே" என்று அழுதாள். பிறகு உலக்கையை எடுத்துக் கொடுத்தாள். நகல் அச்சைத் தெருவில் வைத்து உடைத்தேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

பழைய அச்சின் பின்பாதியைக் கொடுத்தனுப்புகிறேன். முதுகும் கொண்டையும் மட்டும்தான் மிச்சம். இந்த முறை வைக்கோல் நிறைய வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, உன்னிடம் இருக்கட்டும். கூடவே சர்பாஜா இனிப்பு ஒரு டப்பா, மினதி வாங்கியது.

கூட்டத்தில் நீ மடியில் இருந்த பொம்மையைக் கடைசிவரை பிரிக்கவே இல்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

நிதாய்


குமார்துலி
9 நவம்பர் 1986

துர்க்கை துணை.

நிதாய்க்கும் மினதிக்கும் விஜயா ஆசிகள், தாமதமாக. சர்பாஜாவை இவரே முக்கால்வாசி தின்றுவிட்டு எறும்பின்மேல் பழி போட்டார்.

பூஜை முடிந்து உட்கார்ந்து அழுதேன். சொன்னபடி. அரைநாள் போதுமாக இருந்தது. மிச்சக் கோபம் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தீர்க்கப்போவதில்லை. வைத்துக்கொள்வேன். நீ வரும்போது கிடைக்கும்.

கடை கிடைத்துவிட்டது. இவர் பலகை எழுதினார். "தரங்கிணி பால்" என்று எழுதி, கேட்காமலே ஓரத்தில் ஒரு சிங்கம் வரைந்திருக்கிறார். மீன் விற்கிற இடத்தில் சிங்கம் எதற்கு என்றேன். "காவலுக்கு" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் பின்பாதி அச்சை என் புது மீன்காரியின் முதுகில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்த முதுகு ஒல்லி. இவளுக்கு இடுப்பில் சதை விழுந்துவிட்டது, தோள் கொஞ்சம் சரிந்திருக்கிறது. பாமாவை நினைத்துத்தான் செய்தேன், நாற்பது வயசுக்காரி கை அவளையும் நாற்பதாக்கிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் வேண்டும் என்று தோன்றியது.

அதனால் அந்த ஒல்லி முதுகுக்கு ஒரு முன்பக்கம் செய்தேன். ஒன்பது நாள். பதினேழு வயதில் எனக்கு என்னவெல்லாம் தெரியாது என்று நினைத்து நினைத்துச் செய்தேன். ஈர மண்ணிலேயே அச்செடுத்தேன், பொம்மையிலிருந்து அல்ல. இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். நாற்பது வயசுக்காரி என்னோடு இருக்கட்டும். பதினேழு வயசுக்காரி கூர்ணியில் பிறந்தவள், அவளை நீ போடு.

அச்சைப் பெண் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அப்பாவின் வழக்கம். பெண் அனுப்பக் கூடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர். வண்ணத்தில் எழுதாதே, கழுவினால் போய்விடும். சூளைக்குப் போகுமுன், மண் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் கீற வேண்டும். அச்சிலும் செதுக்காதே. ஒவ்வொரு தடவையும் நீ உன் கையால் எழுத வேண்டும். வெள்ளத்தில் விட்டுப்போன அந்த ஏழாவது நடையை இப்போது நடந்துவிடு.

பல் வரைய வேண்டாம் என்று மினதியிடம் சொல்.

தரங்கிணி


கூர்ணி
3 டிசம்பர் 1986

துர்க்கை துணை.

தீதிக்கு வணக்கம்.

முதல் சூளை பிரித்தாகிவிட்டது. நாற்பது மீன்காரிகள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. மினதி ஒவ்வொருத்தியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாயைப் பார்த்துவிட்டு, "சிரிக்கிறா, சிரிக்கிறா" என்று சொல்லிச் சொல்லி வரிசையாக வைக்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அளந்தேன். எட்டு அங்குலம்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். "என்னப்பா, கடைல உக்காந்திருக்கிறது நீ, அடியில பேரு உங்க அக்காவோடதா?" என்றார். "செஞ்சவங்க பேரு" என்றேன். பொம்மையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

உன் பெயர் என் பெயரைவிட நீளம். முப்பதாவது பொம்மையில் விரல் மரத்துப்போய்விட்டது. நாற்பதுவரை எழுதினேன், ஒரு எழுத்தும் குறைக்கவில்லை.

நிதாய்